யசுஜிரோ ஓசுவின் படங்களைப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே உள்ளன. கதை முடிவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். முடிவு தெரிந்துவிட்டால் கெட்டுப்போகிற படங்கள் அல்ல இவை.

ஓசு யார்?

1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவில் ஃபுககாவா பகுதியில் பிறந்தவர். சிறுவயதின் பெரும்பகுதி மட்சுசாகா என்ற ஊரில் கழிந்தது. 1923இல் ஷோசிகு திரைப்பட நிறுவனத்தின் கமதா ஸ்டுடியோவில் கேமரா உதவியாளராகச் சேர்ந்தார். 1927இல் முதல் படத்தை இயக்கினார். அதற்குப் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். ஆரம்பகால மௌனப் படங்களில் பல அழிந்துபோயின. திருமணம் செய்துகொள்ளவில்லை, தாயுடனேயே வாழ்ந்தார். 1963இல், அறுபது வயது நிறைந்த பிறந்தநாளன்றே, புற்றுநோயால் இறந்தார்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

எல்லோரும் ‘டோக்கியோ ஸ்டோரி’யைத்தான் (1953) கையில் கொடுப்பார்கள். நான் அதை மூன்றாவதாகப் பார்க்கச் சொல்வேன். பெரும் புகழைச் சுமந்துகொண்டு வருகிற படம் அது. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது. அந்தப் பெயரோடு உட்கார்ந்தால் மகத்துவம் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்போம். எதிரே இருக்கும் மனிதர்களைக் கவனிக்க மாட்டோம்.

முதலில் ‘குட் மார்னிங்’ (1959). தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் இரண்டு சிறுவர்களை அப்பா ‘வாயை மூடு’ என்று அதட்டுகிறார். பெரியவர்கள் மட்டும் என்ன பேசுகிறீர்கள், ‘வணக்கம்’, ‘நல்ல வெயில்’, ‘எங்கே போகிறீர்கள்’ இவ்வளவுதானே என்று மூத்தவன் திருப்பிக் கேட்டுவிட்டு, தம்பியோடு மௌன விரதம் தொடங்குகிறான். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து பாருங்கள், வாய்விட்டுச் சிரிப்பார்கள். கடைசியில் ரயில் நடைமேடையில் ஒரு இளைஞனும் அந்தச் சிறுவர்களின் சித்தியும் நிற்கிறார்கள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். ஆனால் பேசுவதெல்லாம் வானிலையைப் பற்றி, மேகத்தின் வடிவத்தைப் பற்றி. சிறுவர்கள் கேலி செய்த அதே வெற்றுப் பேச்சு. அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த நடைமேடையில் புரிந்துகொண்டால், ஓசுவின் மற்றப் படங்களுக்குள் நுழைய வேறு தயாரிப்பு தேவையில்லை.

இரண்டாவதாக ‘லேட் ஸ்பிரிங்’ (1949).

குரோசாவாவைத் தெரிகிறது. ஓசுவின் பெயர் ஏன் வெளியே இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது?

1951இல் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வென்ற பிறகு ஜப்பானியப் படங்களுக்கு மேலை நாடுகளில் வாசல் திறந்தது. அங்கே போன படங்களில் பெரும்பாலானவை வாளும் அரண்மனையும் கொண்ட சரித்திரக் கதைகள். சாதாரண அலுவலகக்காரர்களும் அவர்களுடைய மகள்களும் வருகிற ஓசுவின் படங்கள் வெளிநாட்டாருக்குப் புரியாது என்று தயாரிப்பாளர்களே நினைத்தார்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு லண்டனில் சதர்லேண்ட் விருது கிடைத்தது 1958இல். நியூயார்க் திரையரங்குக்கு வந்தது 1972இல், அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஜப்பானிலோ நிலைமை நேரெதிர். 1932, 1933, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளும் ‘கினேமா ஜும்போ’ இதழின் சிறந்த படமாக ஓசுவின் படமே தேர்வானது.

கதை என்று எதுவுமே நடப்பதில்லையே?

நடக்கிறது. ஆனால் நடக்கும் நேரத்தில் ஓசு நம்மை அங்கே அழைத்துப் போவதில்லை. அவருடைய கலை முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘லேட் ஸ்பிரிங்’ ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிய படம். கமகுராவில் வாழும் பேராசிரியர் ஒருவர், மனைவி இல்லை. இருபத்தேழு வயது மகள் நோரிகோ அவரைக் கவனித்துக்கொள்கிறாள், அவரை விட்டுப் போக மனமில்லை. தான் மறுமணம் செய்துகொள்ளப்போவதாக அப்பா ஒரு பொய் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கிறார். இவ்வளவு நடந்த பிறகு மாப்பிள்ளையின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. அவர் ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் சாயலில் இருப்பார் என்று அத்தை சொல்வதோடு சரி. கல்யாணமும் படத்தில் கிடையாது. மணக்கோலத்தில் மகள் அப்பாவை வணங்குகிறாள். வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். அடுத்து, சடங்கெல்லாம் முடிந்த இரவில் அப்பா மகளின் தோழியோடு உட்கார்ந்து மது அருந்திக்கொண்டிருக்கிறார்.

‘டோக்கியோ ஸ்டோரி’யில் இந்தத் துணிச்சல் இன்னும் கூடுதல். ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ புறப்படுகிறார்கள். பெட்டி கட்டுகிறார்கள், அடுத்த காட்சியில் டோக்கியோவின் புகைபோக்கிகள். பயணம் இல்லை. திரும்பும் வழியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஒசாகாவில் இறங்க நேர்கிறது. அதையும் நாம் பார்ப்பதில்லை, ரயில்வேயில் வேலை பார்க்கும் மகன் சக ஊழியரிடம் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. ஊர் திரும்பிய அம்மா சாகக் கிடக்கிறாள். மூத்த மகன் மருத்துவர். விடியும்வரை தாங்காது என்று அவர் சொல்கிறார். பிறகு ஆளரவமற்ற படகுத்துறை, தெரு, தண்டவாளம். திரும்பி வரும்போது அம்மாவின் முகத்தில் துணி மூடியிருக்கிறது.

அப்பாவைக் காணவில்லை. மருமகள் தேடிப் போகிறாள். அவர் கடலைப் பார்த்து நிற்கிறார். அழகான விடியல், இன்று வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். அவ்வளவுதான்.

மரணத்தைக் காட்டியிருந்தால் அந்தப் படுக்கையருகே நாமும் அழுதிருப்போம். அழுகை அங்கேயே தீர்ந்திருக்கும். காட்டாததால் வெயிலைப் பற்றிய அந்தச் சொல் நம்மிடம் தங்கிவிடுகிறது. ஓசு எதைத் தாண்டிப் போனார், தாண்டி எங்கே வந்து நின்றார் என்பதைக் கவனியுங்கள். ஓசுவைப் பார்ப்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான்.

கேமரா ஏன் எப்போதும் தரையை ஒட்டி இருக்கிறது?

ஜப்பானிய வீட்டில் பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது முழுக்கப் பொருந்தவில்லை. கேமரா அந்தக் கண்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. பாயே இல்லாத அலுவலகத்திலும், மதுக்கடையிலும், தெருவிலும் அதே தாழ்வுதான். அந்தக் கோணத்தால் படத்தில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது நல்லது. தரை சுருங்கி, கதவுச் சட்டங்களும் சுவர்களும் எழுந்து நிற்கின்றன. அறைக்குப் பின் அறை, அதன் பின் தோட்டம் என்று அடுக்கடுக்காகத் தெரிகிறது. உட்கார்ந்திருப்பவர் எழுந்தால் அந்த அசைவே ஒரு நிகழ்ச்சியாகிறது. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பெரும்பாலும் பயன்படுத்தினார். அவருடைய ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுடா இதற்கென்றே தாழ்வான முக்காலிகளை வைத்திருந்தார்.

கேமரா நகர்வதும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ‘லேட் ஸ்பிரிங்’கில் மிதிவண்டிகளோடு சேர்ந்து ஓடும் கேமரா, வண்ணப் படங்களில் அசைவதே இல்லை.

பேசுபவர்கள் ஏன் நம்மைப் பார்த்தே பேசுவதுபோல் இருக்கிறது?

இருவர் பேசினால் ஒருவரின் தோளுக்கு மேலிருந்து மற்றவரைக் காட்டுவது உலக வழக்கம். ஓசு ஒவ்வொருவரையும் ஏறக்குறைய நேருக்கு நேர் காட்டுகிறார். பார்வையின் திசை பொருந்தவில்லை என்று உதவியாளர்கள் சொன்னபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. முதல் பத்து நிமிடம் கண்ணை உறுத்தும். அதன் பிறகு, அந்த அறையில் நமக்கும் ஓர் இடம் இருப்பதாகத் தோன்றும்.

இடையிடையே கொடியில் துணி, புகைபோக்கி, காலி வராந்தா. இவற்றுக்கு என்ன பொருள்?

பெரும்பாலும் தனிப் பொருள் இல்லை. ஒரு காட்சி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளி அது. ஒன்று கரைந்து மற்றொன்றாகும் உத்திகளை ஓசு கைவிட்டுவிட்டார். அந்த வேலையை இந்த வெற்றிடங்கள் செய்கின்றன. நடந்ததை மனம் அசைபோட நேரம் கிடைக்கிறது.

ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் உலகம் முழுவதும் விவாதம் நடந்திருக்கிறது. ‘லேட் ஸ்பிரிங்’கில் கல்யாணத்துக்கு முன் அப்பாவும் மகளும் கியோட்டோ போகிறார்கள். விடுதியில் படுத்தபடி மகள் பேசுகிறாள். அப்பா தூங்கிவிட்டார், குறட்டை கேட்கிறது. அவள் மேலே பார்த்துப் புன்னகைக்கிறாள். நிலவொளியில், மூங்கில் நிழலாடும் காகிதத் தடுப்புக்கு முன் ஒரு பூச்சாடி. மறுபடி அவள் முகம். கண்ணில் நீர் தளும்புகிறது. மறுபடி அதே பூச்சாடி. அது ஜென் என்றும், காலம் என்றும், கடந்த நிலை என்றும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் அதில் தத்துவம் தேடுவதில்லை. சிரித்த முகம் கலங்கும் அந்தக் கணத்தில் நம்மை ஓசு வேறு பக்கம் பார்க்க வைத்தார். கலங்கியதைப் பார்த்தோம், கலங்குவதைப் பார்க்கவில்லை. கல்யாணத்தைத் தாண்டிப் போன அதே கை இங்கே சில நொடிகளுக்குள் வேலை செய்திருக்கிறது.

எல்லாப் படமும் ஒரே படம்போல இருக்கிறதே? தலைப்புகளும் குழப்புகின்றன.

தலைப்பு குழப்பும்தான். வசந்தமும் இலையுதிர் காலமும் மாறி மாறி வருகின்றன. நோரிகோ என்ற பெயர் மூன்று படங்களில் மூன்று வெவ்வேறு பெண்களுக்கு இருக்கிறது. மூவராகவும் நடித்தவர் செட்சுகோ ஹாரா. ஹிரயாமா என்ற குடும்பப் பெயரும் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் ஒன்றுபோல இருப்பதே ஒப்பிட்டுப் பார்க்கத்தான். ‘லேட் ஸ்பிரிங்’கில் அப்பாவை விட்டுப் போகும் மகளாக நடித்த ஹாரா, ‘லேட் ஆட்டம்’ (1960) படத்தில் மகளை அனுப்பிவிட்டுத் தனியாகும் விதவைத் தாய். பதினோரு ஆண்டுகள் கழித்து அவரை நாற்காலியின் மறுபக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார் ஓசு. முதல் படத்தின் முடிவில் அப்பா ஆப்பிள் தோலைச் சீவுகிறார். தோல் நீண்டு அறுந்து விழுகிறது. அவர் தலை கவிழ்கிறது. இரண்டாவது படத்தின் முடிவில் தாய் தனியறையில் உட்கார்ந்து லேசாகப் புன்னகைக்கிறாள். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் ஒரே படம் என்று சொல்ல மாட்டார்கள்.

பெண்ணைக் கட்டிக்கொடுப்பதே கதை. ஓசு பழமைவாதியா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ‘லேட் ஸ்பிரிங்’கில் நோரிகோ தன் விருப்பத்துக்கு எதிராகத்தான் போகிறாள். கல்யாணம் ஆனால் மகிழ்ச்சி தானாக வரும் என்று அப்பா சொல்லும் அறிவுரையை இன்று நிம்மதியாகக் கேட்க முடியாது. ஆனால் படம் அந்த அறிவுரையின் பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். அவள் தோழி விவாகரத்தானவள், சுருக்கெழுத்துத் தட்டச்சு வேலை பார்த்துச் சொந்தக் காலில் நிற்கிறாள், படத்திலேயே உற்சாகமான ஆள் அவள்தான். கடைசியில் வெறுமையில் உட்கார்ந்திருப்பவர் அறிவுரை சொன்னவர்.

‘எர்லி சம்மர்’ (1951) இன்னும் தெளிவாகப் பேசும். வீட்டார் வசதியான, நாற்பதை எட்டிய வரனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், மனைவியை இழந்த தன் மகனுக்கு நோரிகோ வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், கோபித்துக்கொள்ளாதே, சும்மா ஓர் ஆசைதான் என்கிறாள். நோரிகோ அமைதியாக, வயதாகிவிட்ட என்னைப் போன்றவள் பரவாயில்லையா என்று கேட்கிறாள். அம்மாளுக்குக் கண்ணீர் பொங்குகிறது. என்ன செய்வதென்று தெரியாமல், பயற்று இனிப்பு வைத்த ரொட்டி சாப்பிடுகிறாயா என்கிறாள். இந்த அம்மாளாக நடித்த ஹாருகோ சுகிமுராவின் தடுமாற்றத்துக்காகவே அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கலாம். நோரிகோ யாரையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டாள். குடும்பமே அதிர்ந்துபோகிறது.

‘ஈக்வினாக்ஸ் ஃபிளவர்’ (1958) படத்தில் ஊரார் பெண்களுக்கெல்லாம் முற்போக்காக அறிவுரை சொல்லும் அப்பா, தன் மகள் காதலிக்கிறாள் என்றதும் குதிக்கிறார். அங்கே தோற்பவர் அவர்தான்.

‘டோக்கியோ ஸ்டோரி’ பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளைக் கண்டிக்கும் படம்தானே?

அப்படிப் பார்த்தால் பாதிப் படம் போய்விடும். மூத்த மகன் பெற்றோருக்கு ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும்போது நோயாளி வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். சிக்கனக்காரி, வாய் நீளம். தாய் இறந்ததும் எல்லோரையும்விடச் சத்தமாக அழுகிறாள், சற்று நேரத்தில் தாயின் கிமோனோவையும் இடைப்பட்டையையும் தனக்குக் கேட்கிறாள். இரண்டும் உண்மை. அந்த அழுகையைப் பொய் என்று ஓசு காட்டவில்லை.

போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோதான் மாமனார் மாமியாரை அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள். அவளைத் தெய்வமாக்கிவிடுவது சுலபம், அவளே அதை அனுமதிப்பதில்லை. நீங்கள் நினைக்கிற அளவு நல்லவள் இல்லை நான், கணவரை நினைக்காமலே கழியும் நாட்கள் உண்டு என்று மாமனாரிடம் சொல்லிவிடுகிறாள். கடைக்குட்டி கியோகோ, அண்ணன் அக்காவின் நடத்தையில் மனம் வெந்து, வாழ்க்கை ஏமாற்றமாக இருக்கிறது இல்லையா என்று கேட்கும்போது, நோரிகோ புன்னகையோடு ஆமாம் என்கிறாள். சமாதானம் எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு காட்சியையும் விட்டுவிடாதீர்கள். பாட்டி, சின்னப் பேரனை மேட்டு நிலத்துக்கு அழைத்துப் போகிறாள். அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய், அப்பாவைப் போல டாக்டரா என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லவில்லை. நீ டாக்டராகும்போது நான் இருப்பேனா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். தாத்தா இதைத் தூரத்திலிருந்து, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

‘டோக்கியோ ஸ்டோரி’ ஒரு ஹாலிவுட் படத்தின் தழுவல் என்கிறார்களே?

லியோ மெக்கேரி இயக்கிய ‘மேக் வே ஃபார் டுமாரோ’ (1937) அதற்கு ஒரு தூண்டுதல். ஓசுவின் திரைக்கதைத் துணையான கோகோ நோடா அதைப் பார்த்திருந்தார். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஓசு அமெரிக்கப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர், ஹாலிவுட் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் ரசிகர். 1933இல் எடுத்த ‘உமன் ஆஃப் டோக்கியோ’வில் பாத்திரங்கள் திரையரங்கில் ஒரு ஹாலிவுட் படமே பார்க்கிறார்கள்; அதன் துண்டு அப்படியே இடம்பெறுகிறது. ‘ஜப்பானியருள் ஜப்பானியர்’ என்ற பட்டம் அவரைச் சிறியவராக்குகிறது.

மௌனப் படங்களையும் பார்க்க வேண்டுமா?

‘ஐ வாஸ் பார்ன், பட்...’ (1932) படத்தையாவது பாருங்கள். வீட்டில் கண்டிப்பான அப்பா, முதலாளி எடுத்த படச்சுருளில் கோமாளித்தனம் செய்து எல்லோரையும் சிரிக்க வைப்பதைப் பிள்ளைகள் இருவரும் பார்த்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து, அவர் பையனைவிட நாங்கள் கெட்டிக்காரர்கள், பிறகு ஏன் நீங்கள் அவர் முன் குனிய வேண்டும் என்று கேட்டு உண்ணாவிரதம் இருக்கிறார்கள். அப்பாவிடம் நேர்மையான பதில் இல்லை. சிரிக்க வைத்தபடியே இவ்வளவு கசப்பைச் சொன்ன படங்கள் குறைவு.

போரைப் பற்றி அவர் பேசவே இல்லையா?

1937 முதல் 1939 வரை சீனாவில் போர்வீரராக இருந்தவர். 1943இல் ராணுவத்துக்குப் படம் எடுக்க சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய படம் திட்டமிடப்பட்டது. மலாயாத் தமிழர்கள் பெருவாரியாகச் சேர்ந்திருந்த படை அது. படம் முடிவடையவில்லை. ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை, ‘சிட்டிசன் கேன்’ உட்பட, அங்கேதான் பார்த்தார். 1946இல் நாடு திரும்பினார்.

அவர் படங்களில் போர்க்களம் இல்லை, போர் தின்றவர்கள் இருக்கிறார்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’ நோரிகோவின் அறையில் கணவனின் புகைப்படம், ‘எர்லி சம்மர்’ குடும்பத்துக்குத் திரும்பி வராத மகன். கடைசிப் படமான ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’ (1962) படத்தில், பழைய மாலுமி ஒருவன் மதுக்கடையில் நாம் வென்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று குதூகலிக்கிறான். அவனுடைய முன்னாள் கப்பல் தலைவர், தோற்றது நல்லதுதானே என்கிறார். அதிரடியாக இல்லை, சாதாரணமாக. சீனாவில் ஜப்பானியப் படை செய்தவை குறித்து இந்தப் படங்கள் பேசுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வண்ணப் படங்களில் சிவப்பு அடிக்கடி கண்ணில் படுகிறதே?

வேண்டுமென்றே வைத்ததுதான். 1958இல் வண்ணத்துக்கு வந்தபோது, சிவப்பு நன்றாக எடுக்கும் என்று ஆக்ஃபா பிலிமைத் தேர்ந்தெடுத்தார். ‘ஈக்வினாக்ஸ் ஃபிளவர்’ படத்தின் சிவப்புக் கெட்டிலைத் தொடர்ந்து பாருங்கள். காட்சியின் அமைப்புக்கு எங்கே வேண்டுமோ அங்கே வைத்திருப்பார்.

‘லேட் ஸ்பிரிங்’கிலும் ‘டோக்கியோ ஸ்டோரி’யிலும் அப்பாவாக வரும் நடிகர் யார்?

சிஷு ரியூ. ஓசுவின் படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தலைகாட்டியவர். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் எழுபது வயதுக் கிழவராக நடித்தபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. செட்சுகோ ஹாரா, ஓசு இறந்த காலத்தில் திரையிலிருந்து விலகி, கமகுராவில் யாரையும் சந்திக்காமல் வாழ்ந்து 2015இல் காலமானார்.

தூக்கம் வருகிறது. என்ன செய்வது?

இரவு பதினொரு மணிக்குப் போட்டால் வரத்தான் செய்யும். பகலில் பாருங்கள். வசனங்கள் சிறியவை, சப்டைட்டில் படிப்பது சிரமமில்லை. ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள்: ஓனோமிச்சியின் படகு எஞ்சின், ரயில், தெருவில் போகும் யாரோ. துயரமான காட்சிக்கும் தெளிந்த வானிலைபோல ஓர் இசை ஓடும். அது தவறல்ல, ஓசு கேட்டு வாங்கியது.

ஓசுவுக்குப் பிறகு யாரைப் பார்ப்பது?

மிகியோ நருசே. அவரும் ஷோசிகுவில் தொடங்கியவர்தான், பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனார். ‘ஃபுளோட்டிங் கிளவுட்ஸ்’ (1955), ‘வென் எ உமன் அசெண்ட்ஸ் தி ஸ்டெயர்ஸ்’ (1960) இரண்டையும் பாருங்கள். ஓசுவின் பெண்கள் கல்யாணமாகிப் போகிறார்கள்; நருசேயின் பெண்கள் வாடகைக்கும் கடனுக்கும் மாரடிக்கிறார்கள். அதன் பின் கென்ஜி மிசோகுச்சி. அவரோடு ஓசுவை ஒப்பிட்டு யார் பெரியவர் என்று வாதிட வேண்டாம். மிசோகுச்சியின் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும், ஓசுவுடையது நின்றிருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக மாலைகளை ஒதுக்குங்கள்.